சட்டைப்பையில் ஒரு நிறம்



ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசு என்றொரு நாடு இருக்கிறது. மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். தலைநகரம் சான்டோ டொமிங்கோ. வயது வந்தவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள அட்டையில் அங்கே பல பத்தாண்டுகள் ‘நிறம்’ என்று ஓர் இடம் இருந்தது. அரசாங்க எழுத்தர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார், பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுவதுபோலவே நிறத்தையும் எழுதுவார். பெரும்பாலோருக்கு அவர் எழுதிய சொல் ‘இண்டியோ’. அதாவது, இந்தியர்.

நம் நாட்டின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். 1492இல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், வழியில் கண்ட தீவுகளின் மக்களை இந்தியர் என்றே அழைத்தார். இந்தத் தீவில் அப்போது வாழ்ந்தவர்கள் தைனோ மக்கள். தங்கச் சுரங்க வேலையும் பட்டினியும், பிறகு வந்த பெரியம்மையும் சேர்ந்து, இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர்களை ஒரு சமூகமாக இல்லாமல் செய்துவிட்டன. அவர்களுடைய இரத்தம் சிறிதளவு இன்றைய மக்களிடம் ஓடுவதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆப்பிரிக்காவின் பங்கு அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் செனகலிலிருந்தும் காங்கோவிலிருந்தும் சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டில் ‘இண்டியோ’ என்று எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தச் சொல் எப்படி அங்கே வந்தது, யாருக்கு என்ன வேலை செய்து கொடுத்தது என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

இந்தக் கதையை வெளிநாட்டார் பலர் எள்ளலோடு சொல்வார்கள். ‘கறுப்பாக இருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை’ என்பார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. தன் முகம் தனக்குத் தெரியாத மக்கள் உலகில் எங்கும் கிடையாது. ‘காதுக்குப் பின்னால் கறுப்பு’ என்று அந்த ஊரிலேயே ஒரு வழக்கு உண்டு. எவ்வளவு வெளுத்தவராக இருந்தாலும் காதுமடலுக்குப் பின்னால் பார்த்தால் பாட்டி தெரிவாள் என்று பொருள். மக்களுக்குத் தெரியும். தெரிந்ததை ஏன் வேறு பெயரில் சொல்ல நேர்ந்தது என்று கேட்டால்தான் வரலாறு வாய் திறக்கும்.

அமெரிக்கக் கண்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் முதலில் இறங்கிய மண் இது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். புதிய உலகத்தின் முதல் சர்க்கரை ஆலைகள் இங்கேதான் எழுந்தன. 1521ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, கொலம்பஸின் மகன் தியேகோ கொலோனுக்குச் சொந்தமான கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் கலகம் செய்தார்கள். அவர்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் இனத்தார் பலர். கலகம் அடக்கப்பட்டது. சில நாட்களில், 1522 ஜனவரி தொடக்கத்தில், அடிமைகள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, தப்பி ஓடக் கூடாது என்றெல்லாம் கட்டளைகள் பிறந்தன. அந்தக் கட்டளைகள் இன்றும் ஆவணமாக இருக்கின்றன. 1540களில் செபாஸ்தியான் லெம்பா என்ற கறுப்பர் மலைக்குள் தப்பிப் போய், படை திரட்டி, ஆண்டுக்கணக்கில் ஸ்பானியரை அலையவிட்டார். சான்டோ டொமிங்கோவின் மானிடவியல் அருங்காட்சியகத்தின் முன்னால் மூன்று சிலைகள் நிற்கின்றன. தைனோக்களுக்காக வாதாடிய பாதிரியார் லாஸ் காசாஸ் ஒருவர், தைனோ தலைவர் என்ரிகியோ ஒருவர், மூன்றாமவர் லெம்பா. சிலைக்குள்ள இடம் பள்ளிப் பாடத்தில் அவருக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

பிறகு நடந்ததுதான் இந்த நாட்டை மற்றக் கரீபியன் நாடுகளிலிருந்து பிரிக்கிறது. சர்க்கரை படுத்துவிட்டது. மெக்ஸிகோவிலும் பெருவிலும் வெள்ளி கிடைத்ததும் ஸ்பெயினின் கப்பல்கள் இந்தத் தீவை மறந்தன. 1605இலும் 1606இலும், கள்ளக் கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லி, தீவின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த ஊர்களை ஆளுநர் ஒசோரியோ எரித்துக் காலி செய்தார். காலியான மேற்குப் பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குந்தினார்கள். கிழக்கில் மிஞ்சியது மாட்டுப் பண்ணை. வறுமையில் எஜமானும் அடிமையும் ஒரே குதிரையில் ஏறி ஒரே காட்டில் மாடு மேய்த்தார்கள். விடுதலை பெற்ற கறுப்பரும் கலப்பினத்தாரும் அடிமைகளைவிட அதிகமானார்கள். அடிமைமுறை அங்கே இனிமையாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சவுக்கு சவுக்குதான். ஆனால் ‘கறுப்பு’ என்றால் அடிமை, ‘வெள்ளை’ என்றால் எஜமான் என்ற கறாரான கணக்கு அங்கே குலைந்துவிட்டது. நிறத்துக்கான சொற்கள் பெருகின. மொரேனோ, திரிகேஞ்ஞோ, மஞ்சளித்த தலைமுடி உடையவருக்கு ஹபாவ், கன்னங்கரியவருக்குப் பிரியெத்தோ என்று. திரிகேஞ்ஞோ என்பது கோதுமை நிறம், நம் பெண் பார்க்கும் விளம்பரத்தில் வருகிற அதே மாநிறம்.

அதே வேளையில் தீவின் மேற்கில், பிரெஞ்சு சான் தொமேங்கில், ஐந்து லட்சத்தை நெருங்கும் அடிமைகள் கரும்பிலும் காப்பியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். 1791இல் அவர்கள் எழுந்தார்கள். 1804இல் ஹைத்தி என்ற சுதந்திர நாடு பிறந்தது. அடிமைகள் தாமே தம் விலங்கை உடைத்து நிறுவிய முதல் அரசு அது. உலகத்தின் அடிமை எஜமானர்கள் எல்லாரும் நடுங்கினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த சிறு கனவான் கூட்டமும் நடுங்கியது.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். டொமினிக்கன் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லப்படும் வரலாற்றின் அச்சு இதுதான்: 1822இல் ஹைத்தி எங்களைப் பிடித்தது, 22 ஆண்டுகள் ஆண்டது, 1844 பிப்ரவரி 27ஆம் தேதி நாங்கள் விடுதலை பெற்றோம். தகவலில் பிழை இல்லை. விடுபட்டதுதான் முக்கியம். 1821 இறுதியில் நூன்யெஸ் தெ காசெரஸ் என்பவர் ஸ்பெயினிடமிருந்து பிரிந்ததாக அறிவித்தார். அந்தப் புதிய அரசு அடிமைமுறையைத் தொடவே இல்லை. சில வாரங்கள் கழித்து, 1822 பிப்ரவரியில் ஹைத்தி அதிபர் போயே தலைநகருக்குள் வந்தார். அடிமைமுறை ஒழிந்தது. அன்று அடிமையாக இருந்த ஒரு தாய்க்கு, வந்தது ஆக்கிரமிப்பா, விடுதலையா? போயேயின் ஆட்சி பிற்பாடு வரியாலும் நிலச் சட்டத்தாலும் எல்லாரையும் பகைத்துக்கொண்டது உண்மை. பிரிவதற்கான காரணங்கள் நியாயமானவை. அந்தத் தாயின் நினைவு மட்டும் பாடநூலில் ஏறவில்லை.

1844இல் ஹுவான் பாப்லோ துவார்த்தேயின் இயக்கம் நாட்டை அறிவித்த அதே நாட்களில், தலைநகருக்கு அருகே மோந்தே கிராந்தே என்ற இடத்தில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். அவர்களின் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் புதுக் கொடியின் கீழ் எங்களை மறுபடி அடிமையாக்குவீர்களா? புதிய அரசின் ஆட்கள் நேரில் போய்ப் பேசினார்கள். அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிந்தது என்று உடனடியாக எழுத்தில் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் கறுப்பர்கள் குடியரசின் படையில் சேர்ந்தார்கள். டொமினிக்கன் தேசம் பிறந்தபோது கறுப்பர்கள் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள், தேசம் அதை ஏற்றுக்கொண்டது. என் பார்வையில் அந்த நாட்டின் உண்மையான முதல் ஒப்பந்தம் மோந்தே கிராந்தேயில்தான் நடந்தது. நாட்டுத் தந்தையர் எனப்படும் மூவரில் ஒருவரான பிரான்சிஸ்கோ தெல் ரொசாரியோ சாஞ்செஸ் கருநிறத்தவர். 1861இல் சாந்தானா என்ற தளபதி நாட்டை மறுபடி ஸ்பெயினுக்கே கொடுத்தபோது, கியூபாவிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் இன்னும் அடிமைகளை வைத்திருந்த ஸ்பெயின் திரும்பி வருகிறதே என்று மக்கள் கொதித்தார்கள். 1863இல் தொடங்கிய மீட்புப் போரில் புவேர்த்தோ பிளாத்தாவின் ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர் கிரெகோரியோ லூப்பெரோன் தளபதியாக உயர்ந்தார். 1865இல் ஸ்பெயின் கப்பலேறியது. அந்தப் போரில் ஹைத்தி டொமினிக்கன் புரட்சியாளர்களுக்கு உதவியது. இதுவும் பாடநூலில் சின்ன எழுத்தில்தான் வரும்.

இவ்வளவும் நடந்த ஒரு நாட்டில் ‘கறுப்பு’ என்ற சொல் எப்படி அந்நியமானது? முதலில் எழுத்தாளர்கள் வழி அமைத்தார்கள். மனுவேல் தெ ஹெசூஸ் கல்வான் எழுதிய ‘என்ரிகியோ’ நாவல் 1882இல் முழுமையாக வெளிவந்தது. ஸ்பானியரை எதிர்த்து மலையேறிய தைனோ தலைவர்தான் நாயகர். கடைசியில் அவர் ஸ்பானிய மன்னரோடு சமாதானம் செய்துகொள்கிறார். நல்ல நாவல், உயர்ந்த நடை. அதை எழுதியவர், நாட்டை ஸ்பெயினுக்குக் கொடுத்ததை ஆதரித்தவர். அந்த நாவல் ஒரு தேசத்துக்கு மூதாதையரைத் தேடிக் கொடுத்தது: வீரமான, வெள்ளையரல்லாத, அதே சமயம் ஆப்பிரிக்கரும் அல்லாத மூதாதையர். அந்த மூதாதையருக்கு வாரிசு என்று நிலம் கேட்டு வர ஊரில் யாரும் உயிரோடு இல்லை. மாநிறமான குடியானவர் ஒருவர் ‘உன் நிறம் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு இனி ‘என்ரிகியோவிடமிருந்து’ என்று சொல்லலாம். ‘இண்டியோ’ என்ற சொல் அதற்கு முன்பே பேச்சில் நிறப்பெயராகப் புழங்கியதுதான். இலக்கியம் அதற்கு வம்சாவளி எழுதிக் கொடுத்தது.

அடுத்து வந்தது சர்க்கரை. என் பேச்சின் நடுமுடிச்சு இதுதான்.

1868இல் கியூபாவில் பத்தாண்டுப் போர் மூண்டது. அங்கிருந்து ஓடிவந்த தோட்ட முதலாளிகள் 1870களில் டொமினிக்கன் தென்கரையில் நீராவி ஆலைகளை நிறுவினார்கள். சான் பெத்ரோ தெ மகோரிஸ் என்ற மீனவர் கிராமம் சர்க்கரை நகரமானது. மூன்று நூற்றாண்டு உறங்கிய கரும்பு மறுபடி எழுந்தது. ஆனால் சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த டொமினிக்கன் குடியானவர் அந்தக் கூலிக்குக் கத்தியைத் தொட மறுத்தார். முதலாளிகள் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து ஆங்கிலம் பேசும் கறுப்பர்களைக் கப்பலில் இறக்கினார்கள். ஊரார் அவர்களைக் ‘கோகோலோ’ என்று இழிவாகக் கூப்பிட்டார்கள். இன்று அந்தச் சொல் பெருமைக்குரியது. அவர்களின் முகமூடி நாடக நடனத்தை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் அருங்கலையாக அறிவித்தது. 1915இல் ஹைத்தியையும் 1916இல் டொமினிக்கன் குடியரசையும் அமெரிக்கக் கடற்படை பிடித்தது. ஒரே தீவின் இரு பகுதியும் ஒரே எஜமானின் கையில். ஒரு பகுதியின் நிலமற்ற விவசாயியை மறு பகுதியின் கரும்புக்கு அனுப்புவது எளிதாயிற்று. தோட்டத்துக்குள் ‘பத்தேய்’ எனப்படும் குடியிருப்புகள் எழுந்தன. தகரமும் பலகையும் அடைத்த நீண்ட லயங்கள், கழிப்பறை இல்லை, ஆலைக் கடையில் மட்டும் செல்லும் சீட்டு.

இந்த இடத்தில் 1937க்கு வருகிறேன். ரஃபாயேல் ட்ரூஹியோ 1930இல் ஆட்சியைப் பிடித்தார். அமெரிக்கர் உருவாக்கிய காவற்படையில் வளர்ந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி ஹைத்தி வம்சாவளியினர். முகத்தில் மாவு பூசி நிறத்தை வெளுக்கச் செய்துகொள்வார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் எழுதிய செய்தி. வடமேற்கு எல்லையில் அப்போது ஒரு தனி உலகம் இருந்தது. தஹபோன் பக்கத்துக் குடியானவர்கள் ஸ்பானிஷும் ஹைத்தியரின் மொழியான கிரெயோலும் கலந்து பேசினார்கள். கிழக்கில் வீடு, மேற்கில் சந்தை. கல்யாணம் இரு பக்கமும். ஹைத்தி மரபினரில் பலர் அங்கேயே பிறந்து, டொமினிக்கன் அரசமைப்பின்படி குடிமக்களாக இருந்தவர்கள். தலைநகரத்துக் கனவான்களுக்கு இந்த எல்லை ஒரு காயமாகத் தெரிந்தது.

அக்டோபர் 2ஆம் தேதி ட்ரூஹியோ தஹபோனில் பேசினார். அடுத்த சில நாட்களில் ராணுவம் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கொன்றது. துப்பாக்கியைக் கூடியவரை ஒதுக்கி, குடியானவர் கத்தியான மச்செத்தேயைப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஊர்ச் சண்டை போலக் காட்ட அது வசதி. இறந்தவர் எண்ணிக்கை சில ஆயிரம் முதல் இருபதாயிரத்துக்கு மேல் வரை பலவாறாகக் கணிக்கப்படுகிறது. கொத்தமல்லி போன்ற ஒரு தழைக்கு ஸ்பானிஷில் ‘பெரெஹில்’ என்று பெயர். அதைச் சரியாக உச்சரிக்காதவரைக் கொன்றார்கள் என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் எல்லையில் பிறந்து வளர்ந்தவர் பலர் அந்தச் சொல்லைத் தடங்கலில்லாமல் சொல்லக்கூடியவர்கள். நாக்கைக் கொண்டு மனிதரைப் பிரிக்க முடியாத இடம் அது. அதனால்தான் அங்கே கத்தி இறங்கியது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது ஒரு செய்தியைக் கவனமாகக் கேளுங்கள். அதே 1937இல், தென்கிழக்கில் அமெரிக்கக் கம்பெனிகளின் கரும்புத் தோட்டங்களில் ஹைத்தியர் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். அவர்கள்மேல் கை வைக்கவில்லை. தனி நிலத்தில் தனக்கென்று பயிர் செய்து, அண்டை அயலாரோடு கலந்து, டொமினிக்கனாகவே ஆகிவிட்ட கறுப்பர் கொல்லப்பட்டார். பத்தேய்க்குள் அடைபட்டு, நாடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கரும்பு வெட்டிய கறுப்பர் விடப்பட்டார். ‘இனத் தூய்மை’ என்று பேசிய ஆட்சி, ஆலைக்குத் தேவையான கைகளை எண்ணி ஒதுக்கி வைத்தது. 1952இல் அதே ட்ரூஹியோ ஹைத்தி அரசோடு உடன்படிக்கை போட்டு, ஆண்டுதோறும் கூலிகளைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டில் நாட்டின் சர்க்கரை ஆலைகளில் பெரும்பகுதி அவருக்கே சொந்தமாகியிருந்தது. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு, நிறம் பற்றிய அந்த நாட்டுக் கொள்கையைக் கூலிக் கணக்கிலிருந்து பிரித்துப் படிக்க என்னால் முடியவில்லை.

படுகொலைக்கு ஈடாக 7,50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, கடைசியில் 5,25,000 டாலர் கொடுத்தார்கள். 1938இல் எவியான் மாநாட்டில், ஐரோப்பாவிலிருந்து தப்பி ஓடும் யூதர்களை ஒரு லட்சம் பேர் வரை ஏற்பதாக ட்ரூஹியோவின் அரசு அறிவித்தது. வந்தவர் சில நூறு பேர். சோசூவா என்ற கடற்கரையூரில் பால் பண்ணை வைத்துப் பிழைத்தார்கள். அந்த உயிர்கள் தப்பியதற்கு நாம் மகிழத்தான் வேண்டும். கதவைத் திறந்த கை எது, ஏன் திறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளையர் வருகையை அந்த அரசு விரும்பியது.

கொலைக்குப் பிறகு கொள்கை எழுதப்பட்டது. பெஞ்ஞா பாத்யே என்ற அறிஞர் 1942இல் எல்லையூரான எலியாஸ் பிஞ்ஞாவில் பேசிய பேச்சு அதன் சாசனம் எனலாம். நாம் ஸ்பானியர், கத்தோலிக்கர். எல்லைக்கு அப்பால் இருப்பது ஆப்பிரிக்கா, சூனியம், நோய். இதுதான் சாரம். 1943இல் வூடு வழிபாட்டைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. ஹோவாகின் பலகேர் 1937இல் வெளியுறவுத் துறையில் இருந்து அந்தக் கொலைக்கு வக்காலத்து வாங்கியவர், பின்னர் பல முறை அதிபரானவர். 1983இலும் ‘தலைகீழான தீவு’ என்று ஒரு நூல் எழுதி, ஹைத்தியரின் கலப்பால் நம் இனம் கெடுகிறது என்றே வாதிட்டார். கண் பார்வை மங்கிய முதிய வயதிலும் அந்தக் கருத்தை அவர் கைவிடவில்லை.

கறுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என இந்தக் கொள்கை சொல்லவில்லை. கறுப்பு இருக்கிறது, அதன் பெயர் ஹைத்தி என்றது. அட்டையில் ‘இண்டியோ’ என்று எழுதியது அதற்காகத்தான். நீ எவ்வளவு கறுத்தவனாக இருந்தாலும் அவனல்ல, எனவே உனக்கு நாடு உண்டு. அவன் எவ்வளவு காலம் இங்கே இருந்தாலும் நீயல்ல, எனவே அவனுக்குக் கத்தியும் பத்தேயும் போதும். ஏழை டொமினிக்கனுக்கு அந்தச் சொல் ஒரு பாதுகாப்புச் சீட்டு. 1937ஐப் பார்த்த பிறகு அந்தச் சீட்டை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

சொல்லைத்தான் மாற்றினார்கள். வாழ்க்கை அப்படியே இருந்தது. தலைநகரின் வடக்கே வில்யா மெல்லாவில் பரிசுத்த ஆவியின் காங்கோ சகோதரக் கூட்டம் என்றொரு அமைப்பு இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் மேளம் கொட்டுவார்கள். மேளத்துக்குப் பெயர் ‘காங்கோ’. அந்த மேளத்தைப் பரிசுத்த ஆவியே இறங்கிவந்து கொடுத்தது என்பது அவர்கள் நம்பிக்கை. உறுப்பினர் இறந்தால், சில ஆண்டு கழித்து வெற்றுப் பாடை ஜோடித்து, அதைச் சுற்றி இரவு முழுக்கக் கொட்டி அவரை வழியனுப்புவார்கள். 2001இல் யுனெஸ்கோ அதையும் அருங்கலையாக ஏற்றது. காலையில் டொமினிக்கன் வீடுகளில் வாழைக்காயை வேகவைத்து மசித்து உண்ணும் ‘மங்கு’ ஆப்பிரிக்கக் கைப்பக்குவம். ட்ரூஹியோ தேசிய இசையாக உயர்த்திய மெரெங்கேயின் நாடித்துடிப்பே தம்போரா என்ற ஆட்டுத்தோல் மேளம். பத்தேய்களில் உயிர்த்த ஞாயிறை ஒட்டி ‘ககா’ ஊர்வலம் கிளம்பும். மூங்கில் குழல் ஊதி ஆடும் அந்தக் கூட்டத்தில் ஹைத்தியர் பிள்ளையும் டொமினிக்கன் பிள்ளையும் கலந்தே ஆடுவார்கள். கேட்கும் காதுக்கு எதுவும் மறைந்திருக்கவில்லை. 1969இல் பிராங்க்லின் பிராங்கோ கறுப்பரையும் கலப்பினத்தாரையும் டொமினிக்கன் தேசத்தின் நடுவில் வைத்து ஒரு வரலாற்று நூல் எழுதினார். பிளாஸ் ஹிமேனெஸ் தன்னைக் கறுப்புக் கவிஞன் என்று அழைத்துக்கொண்டே எழுதினார். வெளியிலிருந்து வந்து யாரும் இவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

தலைமுடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுருண்ட முடிக்கு அங்கே ‘கெட்ட முடி’ என்று பெயர். நீண்டு விழுவது ‘நல்ல முடி’. வாரந்தோறும் அழகு நிலையத்தில் உருளைச் சுருளும் சூடான காற்றும் வைத்து முடியை நீட்டுவது பெண்களுக்குச் செலவு, நேரம், வலி. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்ணுக்கு அது வெறும் அலங்காரம் அல்ல, வேலை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இளம்பெண்கள் பலர் சுருள் முடியை அப்படியே விட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். தலைநகரின் பழைய தெருக்களிலேயே சுருள் முடிக்கென்று நிலையம் திறந்திருக்கிறது. எந்தச் சட்டமும் செய்யாத வேலையை அவர்கள் செய்கிறார்கள்.

தேர்தலில் அந்தக் கொள்கை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். ஹோசே பிரான்சிஸ்கோ பெஞ்ஞா கோமெஸ் 1937இல் பிறந்தார். ஹைத்தி வம்சாவளிப் பெற்றோர். படுகொலையின் அலையில் குடும்பம் சிதறியது, ஒரு டொமினிக்கன் குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. 1965 ஏப்ரலில், கவிழ்க்கப்பட்ட மக்களாட்சியை மீட்க வாருங்கள் என்று வானொலியில் மக்களைத் தெருவுக்கு அழைத்த குரல் அவருடையது. தலைநகரின் மேயரானார். அந்த நாடு கண்ட ஆகப் பெரிய மக்கள் பேச்சாளர்களில் ஒருவர். 1994இல் அவர் அதிபர் தேர்தலில் நின்றபோது, அவரை வூடு மந்திரவாதியாகவும், ஹைத்தியோடு நாட்டை இணைக்க வந்தவராகவும் காட்டிப் பிரசாரம் நடந்தது. தேர்தலில் மோசடி நடந்தது அம்பலமாகி, வென்றதாக அறிவிக்கப்பட்ட பலகேரின் காலம் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. 1996இல் மறுபடி நின்றார். முதல் சுற்றில் முன்னால் வந்தார். இரண்டாம் சுற்றில், ஆயுள் முழுக்க எதிரிகளாக இருந்த பலகேரும் மூத்த அரசியல்வாதி ஹுவான் போஷும் ‘தேசபக்த முன்னணி’ என்ற பெயரில் கைகோத்து எதிர் வேட்பாளரைத் தூக்கிவிட்டார்கள். பெஞ்ஞா கோமெஸ் சுமார் 48.7 விழுக்காடு வாக்குப் பெற்றுத் தோற்றார். அந்த எண்ணையும் நினைவில் வையுங்கள். அவ்வளவு விஷம் தெளித்த பிறகும் ஏறத்தாழப் பாதி நாடு அவருக்கு வாக்களித்தது. டொமினிக்கன் மக்கள் எல்லாரும் தங்கள் கறுப்பை வெறுக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். அவர் 1998இல் இறந்தார். இன்று தலைநகரின் விமான நிலையத்துக்கு அவர் பெயர்.

சோனியா பியேரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1963இல் ஒரு பத்தேயில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கரும்பு வெட்டுவோரின் ஊர்வலத்துக்குக் குரலாக நின்று பிடிபட்டார். வளர்ந்து, ஹைத்தி மரபுப் பெண்களுக்கான அமைப்பை நடத்தினார். பிறப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்ட இரண்டு சிறுமிகளின் வழக்கில் 2005இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. மிரட்டல்கள் நிற்கவில்லை. 2011இல், 48 வயதில், மாரடைப்பில் இறந்தார்.

அவர் இறந்து இரண்டாண்டுக்குள், 2013 செப்டம்பர் 23 அன்று, நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. முறையான வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டாருக்குப் பிறந்தவர்கள் ‘வழிப்போக்கர்’ பிள்ளைகளே, அவர்கள் ஒருபோதும் குடிமக்களாக இருந்ததில்லை என்றது. 1929 முதல் பிறந்தவர்களுக்கெல்லாம் இது பொருந்தும் என்றது. யோசித்துப் பாருங்கள். உடன்படிக்கை போட்டு, லாரியில் ஏற்றி, ஆலைக் கணக்கில் பதிந்து அரசே கொண்டுவந்த கூலி ‘வழிப்போக்கர்’. அறுபது ஆண்டு கரும்பு வெட்டியவர் ‘வழிப்போக்கர்’. அவருடைய மகள், அவளுடைய மகன், யாருக்கும் நாடு இல்லை. அதற்கு முந்திய ஆண்டு நாட்டின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கில், ஹைத்தியில் பிறந்த பெற்றோருக்கு டொமினிக்கன் மண்ணில் பிறந்தவர்கள் சுமார் 2,10,000 பேர் இருந்தார்கள்.

இதை எதிர்த்து முதலில் பேசியவர்களில் டொமினிக்கன் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் பாதிரிமார்களும் இருந்தார்கள். துரோகி என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. மோந்தே கிராந்தேயில் கொடுத்த வாக்கை நினைவூட்டியவர்கள் துரோகிகள் என்றால், அந்த நாட்டில் தேசபக்தர் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு தவறு. சட்டத்தின் மொழியில் எழுதப்பட்ட 1937 அது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி இல்லை.

தஹபோனில் திங்களும் வெள்ளியும் சந்தை கூடுகிறது. பாலம் திறந்ததும் ஹைத்தியப் பெண்கள் தலைச்சுமையோடு வருகிறார்கள், அரிசியும் முட்டையும் வாங்கிப் போகிறார்கள். பாலத்தின் கீழே ஓடும் ஆற்றுக்குப் பெயர் மசாக்ரே. 1937க்கு வெகுகாலம் முன்பே, வேறொரு கொலையால் வந்த பெயர் அது. 2012இலிருந்து அக்டோபர் மாதத்தில் ஆற்றின் இரு பக்கமும் மக்கள் கூடி மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களை நினைக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் அதே எல்லையில் அரசு சுவர் எழுப்பத் தொடங்கியது.

உலகம் கண்டித்த பிறகு, 2014இல், அந்த 2013 தீர்ப்பின் கடுமையைக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. ஏற்கனவே பிறப்புப் பதிவு பெற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமையைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. பதிவே கிடைக்காதவர்கள், தாம் பிறந்த நாட்டிலேயே தம்மை வெளிநாட்டார் என்று எழுதிக் கொடுத்து, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் பத்தேய்களில் இருக்கிறார்கள். பள்ளி முடித்தும் மேற்படிப்புக்குச் சேர முடியாமல், வங்கிக் கணக்குத் தொடங்க முடியாமல், தாங்கள் பெற்ற பிள்ளைக்குப் பிறப்பைப் பதிய முடியாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்த நிறம் எழுதிய அட்டையும் இல்லை.